கோட்டைமேல் பெண் பார்த்தார்கள்

"பஜ்ஜி, சொஜ்ஜியெல்லாம் வேண்டாம். சிங்ககட் கோட்டைக்கு எல்லாரும் நடந்தே ஏறுவோம். பொண்ணை அங்கே பார்த்துக்கறேன்."

மாப்பிள்ளை ஹரிபிரசாத்தின் நிபந்தனை இது. மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகத்தோடு, தான் ஏறிய நாற்பது கோட்டைகளின் பட்டியலையும் அனுப்பியிருந்தான்.

போசரி தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த சந்தானத்துக்கு வேறு வழியில்லை. மகள் தேஜஸ்வினிக்கு வந்த ஆறு வரன் தட்டிப்போயிருந்தது. ஞாயிறு காலை அவளை அழைத்துக்கொண்டு அடிவாரத்துக்கு வந்துவிட்டார்.

முதல் வளைவு தாண்டியதும் தேஜஸ்வினி அப்பாவின் காதைக் கடித்தாள். சந்தானம் ஓர் இடிந்த சுவருக்கு முன்னால் நின்றார்.

"இங்கே எத்தனை வீரருங்க உயிரை விட்டாங்களோ! ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்திட்டுப் போவோம்."

எல்லோரும் நின்றார்கள். ஹரிபிரசாத் கண்ணை மூடி உருகிப்போய் நின்றான்.

"என் பிள்ளைக்கு எவ்வளவு பக்தி பாருங்க!" என்றாள் அவன் அம்மா லலிதா.

அடுத்த வளைவில் மறுபடி கிசுகிசு. மறுபடி அஞ்சலி. எட்டாவது அஞ்சலிக்குள், பின்னால் வந்த கல்லூரிக் கூட்டமும் தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையாக நிற்க ஆரம்பித்துவிட்டது.

அதில் ஒருத்தன் மட்டும் தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னான்.

"அங்கிள், இது போன வருஷம் கட்டின கழிப்பறைச் சுவர்."

"கட்டினவனும் உழைச்சவன்தானேப்பா!" என்றார் சந்தானம், கண்ணைத் திறக்காமல்.

கோட்டை வாசலை அடைந்ததும் லலிதா வெடித்தாள்.

"சந்தானம் சார், எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்க பொண்ணுக்கு ஆஸ்துமா. அவ காதுல சொல்றா, உடனே நீங்க நிறுத்தறீங்க. மறைச்சுக் கல்யாணம் பண்ணப் பார்க்கறீங்களா? இந்தச் சம்பந்தமே வேண்டாம்!"

ஏழாவது வரனும் போகிறதே என்று சந்தானம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

தேஜஸ்வினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்ப்பா. வாங்க, இறங்கிடலாம்."

இருவரும் திரும்பி நடந்தார்கள்.

வாசல் கல்லில் சரிந்து உட்கார்ந்திருந்த ஹரிபிரசாத் கையைத் தூக்கினான். பேச்சு வர அரை நிமிஷம் ஆயிற்று.

"அம்மா... அவங்களைத் திட்டாதே. மூச்சு முட்டினது எனக்குத்தான். உன்கிட்ட சொல்லிட வேண்டாம்னு முதல் வளைவுலயே அந்தப் பொண்ணைக் கெஞ்சினேன். அந்த நாற்பது கோட்டையும்... நான் அடிவாரம் வரைக்கும்தான்மா போயிருக்கேன்!"