புயல் ஓடக் கூடாது

"தெருவுல சுதந்திரமாத் திரிஞ்ச நாயைப் பிடிச்சுக் கூண்டுல அடைச்சிருக்காரே, இவரெல்லாம் மனுஷனா?"

ஜன்னல் வழியே பார்த்துப் பொருமினாள் டீச்சர்.

பக்கத்து வீட்டு முற்றத்தில் கூண்டு. அதற்குள் புயல். தெருவுக்கே செல்லம். டீச்சர் தினம் பிஸ்கட் போடுவாள். அதைத் தூக்கிக்கொண்டுபோய் அடைத்தவர் பக்கத்து வீட்டு மெக்கானிக். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மனுஷர்.

"வாயில்லா ஜீவன் சார், கொஞ்ச நேரம் திறந்து விடுங்களேன்" என்று நேரிலேயே கேட்டும் பார்த்தாள்.

"கூடாதுங்க. டாக்டர் சொல்லியிருக்காரு."

அதோடு சரி. உள்ளே போய்விட்டார்.

"எந்த டாக்டராவது நாயை ஜெயில்ல போடச் சொல்லுவாரா? காதுல பூ சுத்துறாரு!" என்றாள் கணவரிடம்.

"நமக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் மெக்கானிக்கின் பைக் கிளம்பிய சத்தம் கேட்டதும், டீச்சர் விறுவிறுவென்று போய்க் கூண்டின் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள்.

வெளியே வந்த புயல் அவள் கையை நக்கியது. அடுத்த நொடி பிய்த்துக்கொண்டு பறந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே ஓட்டம்.

"ஓடுடா ராஜா, ஓடு!" கைதட்டிச் சிரித்தாள் டீச்சர்.

திடீரென்று புயலின் கால்கள் பின்னின. இருமியது. வாயில் ரத்தம் கலந்த நுரை. அப்படியே சுருண்டு விழுந்தது.

டீச்சர் ஓடிப்போய் அதன் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

தெரு முனையில் திரும்பிய மெக்கானிக் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். நாயை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். டீச்சரும் தொற்றிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துக் கால்நடை டாக்டர் வெளியே வந்தார்.

"மூச்சு சீராயிருக்கு. பிழைச்சுக்கும்னு நினைக்கிறேன்."

டீச்சர் தேம்பினாள். "அதுக்கு என்ன நோய் டாக்டர்?"

"இதயத்துல புழும்மா. கொசுக் கடியால வர்றது. நூல் நூலா, சாண் நீளத்துக்கு வளரும். ஊசி போட்டதுல புழு இப்பத்தான் சாக ஆரம்பிச்சிருக்கு. இந்த நேரத்துல நாய் ஓடினா, செத்த புழு ரத்தத்தோட போய் நுரையீரலை அடைச்சுடும். உயிரே போயிடும். அதுக்குத்தான் கூண்டு."

"ஐயோ..."

"மாசாமாசம் ஒரு மாத்திரை கொடுத்திருந்தா இந்த நோயே வந்திருக்காது. தெருநாய்க்கு யாரு கொடுக்கறா? பிஸ்கட் போடத்தான் ஆள் இருக்கு."

டீச்சர் தலை குனிந்தாள்.

டாக்டர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். குரல் உயர்ந்தது.

"வெளியே விடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! எந்தப் புத்திகெட்ட ஜென்மம்யா திறந்து விட்டது?"

டீச்சர் சட்டென்று மெக்கானிக்கைப் பார்த்தாள். தெரு முனையில் திரும்பும்போதே அவள் கைதட்டியதை அவர் பார்த்திருக்கிறார்.

மெக்கானிக் அவளை ஒருமுறை ஏறிட்டார்.

"யாரும் திறக்கலை டாக்டர். அவசரத்துல நான்தான் தாழ்ப்பாளைச் சரியாப் போடலை."