மஞ்சள் துணி

சாயங்கால வெயிலில் பைக்கின் டேங்க் முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. நாளை காலை நான் இதில்தான் புது வேலைக்குப் போக வேண்டும். எத்தனை உதைத்தாலும் செருமக்கூட மாட்டேன் என்கிறது. டேங்கில் கிடந்து கெட்டுப்போன பெட்ரோல் வார்னிஷ் போல நாறுகிறது. "வாரம் தவறாம துடைச்சேனே," என்கிறார் என் வீட்டுக்காரர். "துடைச்சீங்க, சரி. ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணீங்களா?" பக்கவாட்டு மூடியை நானே கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கிறேன். மூத்திர நெடி மூக்கில் அறைகிறது. குதறிய ஸ்பாஞ்சுக்கும் புழுக்கைக்கும் நடுவே ஒரு மஞ்சள் துணி, அதில் ஒட்டிச் செத்துக் கிடக்கும் மயிர் முளைக்காத எலிக்குஞ்சுகள். நான் தொலைத்துவிட்டேன் என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாரே, அதே பாலிஷ் துணி. புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காட்டுகிறேன். அவர் முகம் மலர்கிறது. "அட, இங்கதான் இருக்கா!" இரண்டு விரலால் அதை உருவி, குஞ்சுகளை என் காலடியில் உதறிவிட்டு, என் கைரேகை பட்ட டேங்கை அதனாலேயே துடைக்கத் தொடங்குகிறார்.