துறைமுகம் நாகப்பட்டினம் வந்தது

இப்போதெல்லாம் துறைமுகம் ஓரிடத்தில் நிற்பதில்லை. சரக்கு எந்த ஊரில் குவிகிறதோ, அந்த ஊருக்கு அரசாங்கம் அதை மிதக்கவிட்டுக் கொண்டுபோகும். ஊழியர்களின் வீடுகளும் அதன்மேல்தான்.

அது தூத்துக்குடியில் நின்றபோது, மீன்குழம்பில் புளி அதிகம் என்று கிரேன் ஆபரேட்டர் மிக்கேல் சொன்னான். அவன் மனைவி ஜெனோவா கோவித்துக்கொண்டு, நாகப்பட்டினத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மறுவாரம் ஒரு மத்தியானம் மிக்கேல் அந்த வீட்டு வாசலில் நின்றான்.

"என்னக் கூப்பிட வந்தீங்களா?"

"இல்ல. துறைமுகத்தை இங்க மாத்திட்டாங்க. அந்தா பாரு, நம்ம வீடு. நீ காயப்போட்ட சேலை கொடியிலயே கிடக்கு."

ஜெனோவாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மருமகனுக்கு இலை போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்:

"இனிமே கோவிச்சுக்கிட்டு எங்கடி போவ?"