பதினோராவது எபிசோட்

அந்தப் பழைய நகைச்சுவைத் தொடரை பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து, அவர்கள் சிரிப்போடு சேர்த்துப் படம்பிடித்தார்கள். ஒரு நாள் அப்பாவும் போய் உட்கார்ந்திருந்தார். மசக்கையில் படுத்திருந்த அம்மாவுக்கு அது எந்த எபிசோட் என்று தெரியாது. நான் பிறப்பதற்குள் அவர் இறந்துபோய்விட்டார். அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. “சிரிச்சு முடிச்சா விக்கல் வந்துரும் அவருக்கு” என்பாள் அம்மா. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்த எபிசோட்களைத் திரும்பத் திரும்பப் போட்டு அந்த இரைச்சலுக்குள் அவரைத் தேடினோம். பதினோராவதை மட்டும் அம்மா தள்ளிவிடுவாள். “அது ஒரே அறுவைடி.”

நேற்று பத்தாவது முடிந்ததும் அது தானாக ஓடத் தொடங்கியது. ரிமோட்டைக் காணவில்லை. நாயகன் ஓர் இட்லியைத் தூக்கிக் காட்டி, இதை வைத்து வீடு கட்டலாம் என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் ஒரே ஓர் ஆள் மட்டும் சிரிக்க ஆரம்பித்தார். கூச்சமே இல்லாமல், மூச்சு வாங்க, கடைசியில் ஒரு விக்கலோடு. நாயகன் வசனத்தை மறந்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அம்மா எழுந்து டிவிக்கு அருகே போய் நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“இந்தக் கடி ஜோக்குக்கா சிரிச்சீங்க?” என்றாள்.