உரியவர் விரல்

அந்த வட்டாரத்தில் பாதி வீடுகள் பூட்டுக் கடைக்காரரின் பூட்டை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்கின. ஆனால், அவருடைய கிரெடிட் கார்டு மட்டும் ஓட்டைப் பானையாக ஒழுகிக்கொண்டிருந்தது. ரகசிய எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தார். புது எண் மறக்காமலிருக்க, படுக்கையில்கூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்படியும் அவர் வாங்காத பொருளுக்கெல்லாம் பில் வந்தது.

திருடன் யாரென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வீட்டோடு டேரா போட்டிருக்கும் மைத்துனன்தான். வேலை வெட்டி கிடையாது. காலில் மட்டும் புது ஷூ.

"அவன் பாவங்க," என்பாள் மனைவி.

"பாவமா? கையும் களவுமா பிடிக்கிறேன் பாரு!"

அதற்காகவே கைரேகை கார்டுக்கு எழுதிப் போட்டார். மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் உரியவர் விரல் பட்டால்தான் கார்டு வேலை செய்யும். கூரியர் வந்தபோது அவர் கடையில் இருந்தார். மனைவிதான் வாங்கிப் பிரித்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சூட்கேஸ் கடைக்கு அழைத்துப் போனார். மைத்துனன் முகம் தொங்குவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டாமா!

"நல்லா பாத்துக்கோ மச்சான். இனிமே என் விரல் இல்லாம ஒண்ணும் நடக்காது," என்று கட்டை விரலை அழுத்தி, கார்டை மெஷினில் காட்டினார்.

சிவப்பு விளக்கு.

விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு.

"சார், கார்டு உங்களுதுதானா?" கல்லாவில் இருந்தவர் கண்ணைக் காட்ட, வாசல் காவலாளி வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"என்னய்யா பேசற? என் ரேகை பேங்க்ல இருக்குமே!"

"பேங்க்ல இருக்காது சார். கார்டு வந்ததும் முதல்ல யார் விரலைப் பதியறாங்களோ, அவங்களுக்குத்தான் அது கட்டுப்படும்," என்றார் கல்லாவில் இருந்தவர்.

பூட்டுக் கடைக்காரர் மைத்துனன் பக்கம் திரும்பினார். "அடப்பாவி! அதுக்குள்ள கைவரிசையைக் காட்டிட்டியா? வைடா விரலை!"

"மாமா, சத்தியமா நான் இல்ல..." சொல்லிக்கொண்டே கட்டத்தில் விரலை வைத்தான். அதற்கும் சிவப்பு.

தம்பி படும் பாட்டை அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நகருங்க, எல்லாரும் பாக்கறாங்க," என்று கார்டை வாங்கி, பழகிய கையாக விரலை வைத்தாள். பளிச்சென்று பச்சை எரிந்தது.

கல்லாக்காரர் ரசீதைப் பணிவோடு அவளிடம் நீட்டினார். "கார்டைப் பத்திரமா வச்சுக்குங்கம்மா. எங்க கண்ணு முன்னாடியே இந்த ஆளு மூணு தடவை முயற்சி பண்ணிட்டார்!"