சர்க்கரை வலை

ஞானசௌந்தரியின் மூளையில், கேட்ட ஒலிகளை வைத்துக்கொள்ளும் இடத்தில், அறுபது வயது நரம்புச் செல் ஒன்று இருந்தது. ஜப்பானிலிருந்து வந்த மருமகள் தன் பெயரைச் சொன்ன நாளிலிருந்து அதற்கு ஒரே ஏக்கம். அந்தப் பெயர் பக்கத்துச் செல்லில்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. கை நீட்டித் தொட்டால் போதும், ஞானசௌந்தரி வாய் நிறையக் கூப்பிட்டுவிடுவாள். ஆனால் பழைய நினைவு கலையாமலிருக்கச் சர்க்கரை மூலக்கூறுகளால் பின்னப்பட்டு, செல்லின் உடம்பைச் சுற்றி இறுகியிருந்த சர்க்கரை வலை விடவில்லை.

“கொஞ்சம் தளர்ந்து கொடேன்,” என்றது செல்.

“என்னைப் பின்ன நூல் கொடுத்ததே நீதானே,” என்றது வலை. “அம்மா குரல் நழுவிப் போய்விடக் கூடாது என்று சின்ன வயசில் அழுதாய். தளர்ந்தால் அதுவும் போகலாம். பரவாயில்லையா?”

செல் அம்மா குரலை இறுகப் பிடித்தபடியே வலைக்கண் வழியே ஒரு விரலை மட்டும் நீட்டியது. வலை பார்த்தும் பாராததுபோல் இருந்தது.

அன்று ஞானசௌந்தரி கூப்பிட்டபோது பெயர் பாதிதான் வந்தது. மருமகள் திரும்பிப் பார்த்தாள்.