சுந்தரமூர்த்தி போட்ட தோட்டம்

1943. திருத்தணியில் பட்டணத்து முதலாளி ஒருவரின் வீட்டைப் பார்த்துக்கொள்வது சுந்தரமூர்த்தியின் வேலை. பெருக்க வரும் எல்லம்மாள், கொல்லையில் மண்டிய முட்புதரை வெட்டத் தொடங்கியபோது அவர் இளக்காரமாகச் சிரித்தார்.

“கூலிக்காரிக்குத் தோட்டம் ஒரு கேடா?”

“அரிசியே ரேஷனாப் பூடுச்சு. நாலு காயாவது விளையட்டுங்க.”

ஒரே வருஷத்தில் கத்திரி, அவரை, வாழை, மல்லிகை என்று கொல்லை நிறைந்துவிட்டது. ஊருக்கு வந்திருந்த முதலாளி தேசப்பன், மத்தியானம் அதைச் சுற்றிப் பார்த்தார்.

“யாரு போட்டது?”

“நான்தாங்க. கையெல்லாம் காய்ச்சுப்போச்சு. இவ நிழல்ல குந்திக்கினு இருப்பா, சோம்பேறி.”

வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்த எல்லம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கனகம்மாசத்திரத்துல என் நெலம் அஞ்சு ஏக்கரா முள்ளு மண்டிக் கெடக்குது. நாளைக்கே மண்வெட்டியோட அங்க போயிடு.”

சுந்தரமூர்த்தி இடுப்பில் செருகியிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டார். “அப்ப இந்த வீட்டை யாருங்க பார்த்துக்கறது?”

“சாவியை எல்லம்மாகிட்ட குடு. விடியக்காலையிலேயே நான் கொல்லை வழியா வந்துட்டேன்யா. இவ தண்ணி எறைச்சு ஊத்திக்கினு இருந்தா. நீ கட்டில்ல குறட்டை விட்டுக்கினு இருந்தே.”

எல்லம்மாள் மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சாவிக்காக நீட்டினாள்.